சுடுவதற்கு முன் தட்ட வேண்டிய கதவு

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் பிரெய்ரி நாய் என்று ஒரு பிராணி உண்டு. பெயரில்தான் நாய், இனத்தில் அணில். ஒரு கிலோ சுமாருக்கு எடை இருக்கும். தரையில் வளை தோண்டி, நூற்றுக்கணக்கில் காலனியாகக் கூடி வாழும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் வளை வாயில் எழுந்து நின்று கத்தும். வயோமிங் மாநிலத்தில் கறுப்புவால் பிரெய்ரி நாயைச் சுட லைசென்ஸ் வேண்டாம். சீசன் கிடையாது. நாளுக்கு இத்தனைதான் என்ற கணக்கும் கிடையாது. பயிரைக் கெடுக்கும் களையோடும் பூச்சியோடும் சேர்த்து, பீடைப் பட்டியலில் எழுதி வைத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர், “அப்புறம் என்ன, துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?” என்பார். எங்கே கிளம்புவது? அங்கேதான் வண்டி நிற்கிறது. பிராணியைப் பற்றிய சட்டம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அது நிற்கிற மண்ணைப் பற்றிய சங்கதி அப்படி முடியாது. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

நம் ஊரில் இது அப்படியே தலைகீழ். ஒரு விவசாயி தன் பட்டா நிலத்தில் நிற்கிறார். ராத்திரி வந்த காட்டுப்பன்றி கடலைக் கொடியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நிலமும் அவருடையது, பயிரும் அவருடையது. ஆனால் பன்றி மேல் கை வைக்க 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நாம் பிராணிக்காக அனுமதி கேட்டு அலைகிறோம். அவர்கள் மண்ணுக்காக அனுமதி கேட்டு அலைகிறார்கள்.

அமெரிக்கப் பண்ணைக்காரருக்குப் பிரெய்ரி நாய் மேல் என்ன கோபம்? புல்தான். மாடு மேய வேண்டிய புல்லை இவை மேய்கின்றன. போதாததற்கு, கழுகும், கொயோட்டி என்ற நரி போன்ற பிராணியும் வருவது தெரிய வேண்டும் என்று வளையைச் சுற்றி உயரமாக வளரும் செடிகளையும் கடித்துச் சாய்த்துவிடும். பெரிய காலனியை ஒழிக்க நினைக்கும் பண்ணைக்காரர் துப்பாக்கிக்காரரை நம்பி இருப்பதில்லை. ஓட்ஸ் தானியத்தில் ஜிங்க் பாஸ்பைடு கலந்து வைத்துவிடுவார். ஆகவே, சுடப் போகிறவர் ‘விவசாயிக்கு உதவி செய்கிறேன்’ என்று நெஞ்சை நிமிர்த்துவதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, தூரத்தில் தெரியும் சின்ன இலக்கைக் குறி பார்க்கும் ஆசை. கதவைத் தட்டப் போகும்போது இது நினைவில் இருந்தால் பேச்சில் பணிவு தானாக வரும்.

சரி, நிலத்துக்கு வருவோம். வயோமிங்கின் தென்பகுதி வரைபடத்தை விரித்துப் பார்த்தால் சதுரங்கப் பலகைதான். 1785-ல் கொண்டுவந்த நில அளவை முறைப்படி நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் டவுன்ஷிப்பாகவும், ஒவ்வொன்றையும் 36 செக்‌ஷனாகவும் வெட்டினார்கள். ஒரு செக்‌ஷன் ஒரு மைலுக்கு ஒரு மைல், அதாவது 640 ஏக்கர். 1862-ல் கண்டத்தின் குறுக்கே ரயில் போட முடிவானது. அரசாங்கத்திடம் பணம் குறைவு, நிலம் ஏராளம். ரயில் கம்பெனிக்கு நிலத்தையே கூலியாகக் கொடுத்தார்கள், தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஒற்றைப்படை எண் செக்‌ஷன்களை மட்டும். இரட்டைப்படை செக்‌ஷன்கள் அரசாங்கத்திடமே தங்கின. முதலில் இந்தப் பட்டை ஒவ்வொரு பக்கமும் பத்து மைல், 1864-ல் இருபது மைல் ஆயிற்று. ரயில் கம்பெனியின் சதுரங்கள் பிறகு பல கைகள் மாறிப் பண்ணைகள் ஆயின. அரசாங்கச் சதுரங்கள் பல இன்றும் அரசாங்கத்திடமே இருக்கின்றன. 16-ம் எண்ணும் 36-ம் எண்ணும் கொண்ட செக்‌ஷன்களைப் பள்ளிக்கூடச் செலவுக்காக மாநிலத்துக்கு ஒதுக்கினார்கள்.

இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் காரை நிறுத்திவிட்டு ஒரு மைல் நடந்தால் மூன்று பேருடைய நிலத்தை மிதித்துவிட முடியும். நடுவில் வேலியே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அந்த வேலி எல்லையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாட்டைத் தடுக்கப் போட்ட வேலி அது, சர்வேயர் போட்டதல்ல.

பொது நிலம் என்பது ஏறக்குறைய நம் புறம்போக்கு மாதிரி. நில மேலாண்மைத் துறை என்ற பி.எல்.எம். கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. பெரும்பகுதி மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும். அரசு வரைபடத்தில் பி.எல்.எம். நிலம் மஞ்சள், வனத்துறை பச்சை, மாநில நிலம் நீலம், தனியார் வெள்ளை. மஞ்சளில் பொதுவாக யாரையும் கேட்காமல் போகலாம், சுடலாம். அங்கே மாடு மேய்ந்துகொண்டிருக்கும். 1934-ம் ஆண்டு டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்ததிலிருந்து பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பர்மிட் வாங்கி மேய்க்கிறார்கள். புல்லுக்குத்தான் பர்மிட். பொதுஜனத்தை வராதே என்று சொல்லும் உரிமை அதில் இல்லை. சிலர் சொல்லிப் பார்ப்பார்கள். அப்போது சட்டம் பேசி ஜெயிக்கலாம்தான். ஆனால் அடுத்த செக்‌ஷன் அவருடையதாக இருக்கும், நாளைக்கு அவர் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.

மஞ்சள் சதுரம் கண்ணுக்குத் தெரிகிறது, ரோட்டிலிருந்து அதற்குள் கால் வைக்க வழி இல்லை என்பதுதான் பெரிய தலைவலி. நாலு பக்கமும் வெள்ளை. மூலைக்கு மூலை மட்டும் இன்னொரு மஞ்சளைத் தொடுகிறது. அந்த ஒரு புள்ளியில் தாண்டினால் அத்துமீறலா? வயோமிங்கில் எல்க் மவுன்டன் என்ற இடத்தில் சுமார் 22,000 ஏக்கர் பண்ணை ஒன்று. மூலையில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, சங்கிலி போட்டு, ‘உள்ளே வராதே’ பலகை மாட்டியிருந்தார்கள். மிசௌரியிலிருந்து எல்க் மான் வேட்டைக்கு வந்தவர்கள் 2020-ல் அந்தக் கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் தாண்டினார்கள். 2021-ல் இன்னும் உஷாராக, ஒரு இரும்பு ஏணியையே செய்து கொண்டுவந்தார்கள். பொது நிலத்தில் ஏறி பொது நிலத்தில் இறங்கினார்கள், பண்ணையின் மண்ணைத் தொடவில்லை. தொட்டது காற்றை மட்டும். அந்தக் காற்றும் என்னுடையது என்று பண்ணை உரிமையாளர் வழக்குப் போட்டார், நஷ்டம் எழுபது லட்சம் டாலருக்கு மேல் என்றார். தனியாக நடந்த அத்துமீறல் குற்ற வழக்கில் 2022-ல் ஜூரி அவர்களைக் குற்றவாளி அல்ல என்றது. பண்ணை உரிமையாளரின் வழக்கில் 2025 மார்ச்சில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. பொது நிலத்தை வேலி கட்டி அடைக்கக் கூடாது என்ற 1885-ம் ஆண்டுச் சட்டம் கைகொடுத்தது. அந்த வருஷமே உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா உள்ளிட்ட ஆறு மாநிலங்களுக்குத்தான். எல்லை தாண்டி மொன்டானாவுக்குள் போனால் வேறு நீதிமன்ற வட்டாரம். அங்கே மூலை தாண்டுவது சட்டவிரோதம் என்றே வனவிலங்குத் துறை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏணியை வயோமிங்கிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

மற்ற நிறங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். தேசியப் பூங்காக்களில் சுடுவது கிடையவே கிடையாது. மாநில நிலம் வயோமிங்கில் பொதுச் சாலையைத் தொட்டால் நுழையலாம், கொலராடோவில் தனியாகத் திறந்துவிட்டிருந்தால் மட்டும். பழங்குடியினர் ரிசர்வேஷன் தனி நாடு மாதிரி. தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் பகுதிகளில் அந்த மக்களின் நிர்வாகம் தரும் பர்மிட்தான் பர்மிட். அது இல்லாமல் வேட்டையில் இறங்கினால் மத்திய அரசுக் குற்றம்.

தேசியப் புல்வெளிகள் என்று ஒரு வகை இருக்கிறது. 1930-களின் புழுதிப் புயலில் நொடித்துப்போன விவசாயிகளின் நிலத்தை அரசாங்கம் வாங்கி வனத்துறையிடம் கொடுத்தது. அதனால்தான் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. பிரெய்ரி நாய் நிறைய இருக்கும் இடங்கள் இவை. ஆனாலும் விசாரிக்காமல் போகக் கூடாது. தெற்கு டகோட்டாவில் பஃபலோ கேப் புல்வெளியில் கொனாட்டா பேசின் என்ற பகுதியில் சுடுவதற்குத் தடை. காரணம், கறுங்கால் ஃபெரட் என்ற கீரி போன்ற ஒரு பிராணி. பிரெய்ரி நாய்தான் அதற்கு இரை, அதன் வளைதான் வீடு. அற்றுப்போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 1981-ல் வயோமிங்கின் மீட்டீட்ஸி ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. அங்கே மிச்சமிருந்தவற்றைப் பிடித்து வளர்த்துத்தான் இன்று மறுபடி புல்வெளியில் விட்டிருக்கிறார்கள். பீடைப் பட்டியலில் இருக்கும் ஒரு பிராணியை நம்பி இன்னொரு பிராணியின் உயிர் தொங்குகிறது. எனவே வட்டார வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். எந்தப் பகுதியில் சுடலாம், எதில் கூடாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனி வெள்ளைச் சதுரம், அதாவது தனியார் நிலம். நல்ல காலனிகள் பெரும்பாலும் இங்கேதான். முதலில் ஒரு விஷயம். ‘பலகை இல்லை, அதனால் போகலாம்’ என்று நினைக்கிறவர்கள் உண்டு. வயோமிங்கிலும் மொன்டானாவிலும் அது செல்லாது. பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியார் நிலத்தில் வேட்டைக்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும். பலகைக்குப் பதில் பெயின்ட் அடிக்கும் மாநிலங்களும் இருக்கின்றன. மொன்டானாவிலும் ஐடஹோவிலும் வேலிக் கம்பத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு, டெக்சாஸிலும் மிசௌரியிலும் ஊதா. பெயின்டைப் பார்த்தால் எழுதிய பலகையைப் பார்த்த மாதிரி.

நிலம் யாருடையது என்று கண்டுபிடிப்பது இப்போது சுலபம். மொன்டானாவில் பிறந்த ஆன்எக்ஸ் என்ற மொபைல் செயலி, நீங்கள் நிற்கும் இடத்தின் எல்லைக்கோட்டையும் உரிமையாளர் பெயரையும் காட்டிவிடும். நம் மாவட்டம் போன்ற கவுன்ட்டியின் அலுவலக வரிப் பதிவேட்டிலும் பெயர் இருக்கும், நம் அடங்கல் மாதிரி. ஆனால் பெயர் கிடைத்தால் ஆள் கிடைத்ததாக ஆகாது. உரிமையாளர் ஒரு கம்பெனியாக இருக்கலாம், ஃப்ளோரிடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். மாடு விட்டிருப்பவர் குத்தகைக்காரர். இருவரில் யார் சொன்னால் செல்லும் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. வயோமிங்கின் 23 கவுன்ட்டியிலும் களை, பீடைக் கட்டுப்பாட்டுக்கு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. யார் நிலத்தில் பிரெய்ரி நாய் தொல்லை, யார் மருந்து வாங்கிப் போகிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அங்கேயும், மாட்டுத் தீவனக் கடையிலும், காலையில் கிழவர்கள் கூடும் காபிக் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டால் போதும். “அந்த ஆளைப் போய்ப் பாரு, நான் சொன்னேன்னு சொல்லு.” எந்தச் செயலியாலும் இந்த ஒரு வரியைத் தர முடியாது.

இப்போது கதவு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கன்று ஈனும் காலம், அந்த வீட்டில் யாருக்கும் ராத்தூக்கம் கிடையாது. ஜூலையில் தீவனப்புல் அறுப்பு. அந்தச் சமயங்களில் போய் நிற்காதீர்கள். வேலை ஓய்ந்திருக்கும் குளிர்காலத்து மத்தியான வேளையில் போய் அடுத்த ஜூனுக்கு அனுமதி கேட்டால், ‘இவன் யோசித்துச் செய்கிற ஆள்’ என்று ஒரு எண்ணம் விழும். கூட்டமாகப் போக வேண்டாம், ஒருவர் அல்லது இருவர். உருமறைப்பு வேட்டைச் சட்டை வேண்டாம், துப்பாக்கி பார்வையில் படவே வேண்டாம். பண்ணை வாசலில் நாய் இருக்கும். அது முடிவு செய்யும் வரை காரை விட்டு இறங்காமல் இருப்பது உத்தமம்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். பெயர், ஊர், என்ன வண்டி, எத்தனை பேர், எந்த நாள். அவர் உங்களைப் பார்க்காமல் தொலைவில் பார்த்தபடி, “போன வருஷம் வந்தவங்க கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க” என்பார். நமக்கு இது சின்ன விஷயமாகப் படும். அவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அந்தப் பக்கத்துக் காளை இந்தப் பக்கத்துக் கிடேரிகளோடு சேர்ந்துவிட்டது. ஒன்பது மாதம் கழித்து, கடும் பனியில், எதிர்பாராத நேரத்தில் கன்று விழும். முதல் ஈற்றுக் கிடேரிக்கு ஒத்துவராத காளையாக இருந்தால் தாயும் போகும், கன்றும் போகும். ஒரு கேட்டுக்குப் பின்னால் ஒரு வருஷ வருமானம் இருக்கிறது.

அந்தக் கேட்டையும் பார்த்துவிடுங்கள். கீல் கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. நாலு வரிசை முள்கம்பி, நடுநடுவே சில குச்சிகள், நுனியில் ஒரு கட்டை. நிலைக்கம்பத்தின் அடியில் ஒரு கம்பி வளையம், தலையில் ஒரு கம்பி வளையம். கட்டையின் அடியை முதலில் கீழ் வளையத்தில் செருக வேண்டும். பிறகு தோளை நிலைக்கம்பத்துக்கு அப்பால் கொடுத்து, கட்டையை மார்போடு அணைத்து இழுத்து, மேல் வளையத்தை மாட்ட வேண்டும். புதிதாகக் கட்டின கேட் என்றால் மூச்சு வாங்கிவிடும். மேல் வளையத்தை மட்டும் எப்படியோ மாட்டிவிட்டு நகர்ந்தால் ஒரு மாடு உரசியதும் கட்டை கழன்று சாய்ந்துவிடும். மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் திறந்தே விடு. இதுதான் விதி. திறந்திருப்பது தண்ணீர்த் தொட்டிக்கு மாடு போகும் வழியாக இருக்கலாம்.

அவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். வேறு யாருக்காவது பணத்துக்கு விட்டிருக்கலாம், அல்லது அவர் மனைவிக்கு அந்தப் பிராணிகளைப் பிடித்திருக்கலாம். சரி என்றால்தான் கேள்விகள். மாடு இப்போது எந்தப் பக்கம்? வீடு, தொட்டி, பாசன எந்திரம் எங்கே? வேறு யாரும் வருகிறார்களா? வண்டி எதுவரை போகலாம்? பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. சில பண்ணைகளில் நாள் கணக்கில் காசு வாங்குவார்கள். காசு வாங்காமல் நிலத்தில் விடுகிறவருக்கு, வந்தவர் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் வழக்கிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தரும் சட்டங்கள் மாநிலங்களில் உண்டு. காசு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் காசு வாங்குகிறவர் கூடவே நீளமான ஒரு படிவத்தையும் நீட்டுகிறார். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

உள்ளே போனபின் மூன்று சங்கதிகள். முதலாவது தோட்டா. சாதாரண பாயின்ட் டூ-டூ தோட்டாவே ஒன்றரை மைல் போகும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும். உங்களுக்கு அனுமதி கொடுத்தவரின் செக்‌ஷன் அகலம் ஒரு மைல்தான். பின்னால் மண்மேடு இல்லாமல் சுட்டால், அனுமதி தராதவர் நிலத்தில் போய் விழும். இரண்டாவது ஆந்தை. வளை ஆந்தை என்று ஒன்று பிரெய்ரி நாய் விட்டுப்போன வளையில் குடியிருக்கும், பட்டப்பகலில் வளை வாயில் நிமிர்ந்து நிற்கும். தூரத்துக் கானலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 1918-ம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டம் அதைக் காக்கிறது. கால் நீளமாகத் தெரிந்தால், தலை சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால், விரலை எடுத்துவிடுங்கள். மூன்றாவது, செத்ததைக் கையால் தொடாதீர்கள். அதன் தெள்ளுப்பூச்சியில் பிளேக் கிருமி இருக்கக்கூடும். காலனி காலனியாக அந்த நோயில் அழிந்திருக்கின்றன. காய்ந்த புல் மேல் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம், அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்காக ஒன்று. கிரீன் கார்டு இல்லாமல் ஹெச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே 1998 முதல் மத்திய அரசுக் குற்றம். நண்பனுடைய துப்பாக்கியை வாங்கிப் பிடித்தாலும் அதே கதைதான். விலக்குகளில் சுலபமானது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. இப்போது வயோமிங்கை நினைத்துப் பாருங்கள். பிரெய்ரி நாய்க்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறது மாநிலம். ‘அதுதான் வேண்டாமே’ என்று வாங்காமல் போகிற பையன் மாநிலச் சட்டத்தில் சுத்தம், மத்தியச் சட்டத்தில் குற்றவாளி. ஆகவே முயல், அணில் வேட்டைக்கான சாதாரண லைசென்ஸ் ஒன்றை வாங்கிவிட வேண்டும். அதற்கும் முன்னால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்த சான்று கேட்பார்கள். வயோமிங்கில் 1966-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயம், கொலராடோவில் 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு. வகுப்பு, லைசென்ஸ், வரைபடம், கதவு என்ற வரிசையில் போகச் சொல்லுங்கள்.